டெலீட் அமுக்கினால் பதிவு எங்கே போகிறது?

என் அக்கா மகளுக்கு இப்போது 23 வயது. அவளுடைய அப்பாவுக்கு முதல் வருடத் திதி கொடுத்த அன்று, சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, அடுக்களை வாசல்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று அதைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். நான் எடுத்துப் பார்த்தேன். '9 வருடங்களுக்கு முன்பு இதே நாளில்' என்று ஒரு பழைய பதிவை அந்தச் செயலி கொண்டுவந்து காட்டியிருந்தது. 14 வயதில் அவள் எழுதியது. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு அனுப்ப மாட்டேன் என்று சொன்ன அப்பாவைத் திட்டி நாலு வரி. இப்படி ஒரு அப்பா யாருக்கும் வாய்க்கக் கூடாது என்று முடிகிற நாலு வரி. கீழே சிரிப்புப் பொம்மைகளோடு தோழிகளின் கமெண்டுகள்.

அங்கேயே அதை அழித்தாள். மூன்று புள்ளி, 'நீக்கு', 'நிச்சயமாகவா?', 'ஆமாம்'. ஐந்து நொடிகூட ஆகவில்லை. அப்புறம் கேட்டாள்: "மாமா, இது நிஜமாவே போயிடுச்சா, இல்ல நம்ம கண்ணுக்கு மட்டும் தெரியாம இருக்கா?"

போய்விட்டது என்று உடனே சொன்னேன். ஆறுதலுக்காகச் சொன்ன பதில் அது. சரியான பதிலைச் சொல்ல வேண்டும் என்று அதற்குப் பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி அவளுக்கு மட்டுமானது இல்லை, பத்துப் பதினைந்து வருடமாக இணையத்தில் எழுதிக்கொண்டிருக்கிற யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு பதிவாவது இருக்கும்.

முதலில் அந்தப் பட்டனை அமுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போடுவது மாதிரி அது நடப்பதில்லை. பொதுவாக முதலில் செய்வது, அந்தப் பதிவின் மேல் 'இதை இனி யாருக்கும் காட்டாதே' என்று ஒரு குறி வைப்பதுதான். பதிவு இருந்த இடத்திலேயே இருக்கும், நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். நிஜமான அழிப்பு அப்புறம் பின்னணியில் மெதுவாக நடக்கும். அதுவும் ஓரிடத்தில் அழித்தால் போதாது. ஒரு சர்வர் பழுதானாலும் சேவை நிற்கக் கூடாது என்பதற்காகப் பல இடங்களில் பிரதி வைத்திருப்பார்கள். படமாக இருந்தால் சீக்கிரம் திறக்க வேண்டும் என்று பார்ப்பவர்களுக்குப் பக்கத்திலிருக்கிற இடைச் சர்வர்களிலும் பிரதி இருக்கும். இதற்கெல்லாம் மேலே பேக்கப். பேக்கப்புக்குள் கையை விட்டு ஒரே ஒரு பதிவை மட்டும் உருவி எடுப்பது சிரமமான வேலை என்பதால், அந்தப் பேக்கப் பழசாகி மொத்தமாக அழியும்வரை விட்டுவிடுவார்கள். ஃபேஸ்புக்கில் கணக்கையே அழிக்கச் சொன்னால் மனசு மாறுவதற்கு 30 நாள் தருகிறார்கள், அழிக்கும் வேலை தொடங்கியதிலிருந்து எல்லாம் முடிய 90 நாள் வரை ஆகலாம் என்றும் சொல்கிறார்கள். இந்த 90 நாளில் எனக்குப் பெரிய குறை இல்லை, வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தானே செய்கிறார்கள். அழித்துவிட்டோம் என்று காட்டிவிட்டு வருடக்கணக்கில் வைத்திருப்பதுதான் பிரச்சினை. அதுவும் நடந்திருக்கிறது.

2009இல் ஆர்ஸ் டெக்னிகா என்ற தொழில்நுட்ப இதழ் சோதித்துப் பார்த்தபோது, ஃபேஸ்புக்கில் அழித்த படங்கள், அவற்றின் நேரடி முகவரியைப் போட்டால் அப்படியே திறந்தன. மூன்று வருடம் கழித்து, 2012 தொடக்கத்தில் மறுபடி பார்த்தார்கள். அப்போதும் திறந்தன, அந்த வருடம்தான் ஒருவழியாகச் சரிசெய்தார்கள். இதற்கு நடுவில், 2011இல், மாக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஆஸ்திரியச் சட்ட மாணவர், ஐரோப்பியச் சட்டம் தந்த உரிமையைப் பயன்படுத்தி, என்னைப் பற்றி என்னவெல்லாம் வைத்திருக்கிறீர்கள் என்று ஃபேஸ்புக்கிடம் எழுதிக் கேட்டார். 1,200 பக்கத்துக்கு மேல் வந்து சேர்ந்தது. தான் அழித்துவிட்டதாக நம்பிய செய்திகளும் அதற்குள் இருந்ததைப் பார்த்தார். 2020இல் இன்ஸ்டாகிராமில் தன் டேட்டாவை டவுன்லோட் செய்து பார்த்த பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவருக்கு, ஒரு வருடத்துக்கு முன்பே அழித்த படங்களும் தனிச் செய்திகளும் அந்தக் கோப்பில் கிடைத்தன. நிறுவனம் அது பிழை என்று ஒப்புக்கொண்டு சரிசெய்தது, கண்டுபிடித்தவருக்கு 6,000 டாலர் பரிசும் கொடுத்தது.

மூன்றிலும் பயனருக்குத் திரையில் தெரிந்தது ஒன்றுதான்: பதிவு இல்லை. அது உள்ளே இருக்கிறது என்பது ஒரு பத்திரிகையோ, ஒரு பிடிவாதக்கார மாணவரோ, ஒரு ஆய்வாளரோ தோண்டியதால்தான் வெளியே வந்தது. அழித்தோம் என்று நிறுவனம் சொல்வதை நாமாகச் சரிபார்க்க வழியே கிடையாது. மற்றச் சிக்கல்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? அதற்குள் போகும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'மறக்கப்படும் உரிமை' என்று செய்திகளில் வருவதையும் நம் பதிவை நாமே அழிப்பதையும் ஒன்றாகப் போட்டுப் பேசுகிறார்கள். 2014இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் கூகுளுக்கு எதிராகச் சொன்ன புகழ்பெற்ற தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெயினில் ஒருவருடைய சொத்து கடனுக்காக ஏலத்துக்கு வந்த அறிவிப்பு 1998இல் ஒரு நாளிதழில் வந்தது. பத்து வருடம் தாண்டியும் அவர் பெயரைத் தேடினால் அதுதான் முன்னால் நின்றது. தேடல் முடிவிலிருந்து எடுக்கச் சொன்னது நீதிமன்றம், நாளிதழின் பக்கத்தைத் தொடவில்லை. நம் பக்கத்திலும் ஒன்று நடந்தது: 2024 பிப்ரவரியில், குற்ற வழக்கிலிருந்து விடுதலையான ஒருவர் கேட்டதன் பேரில், அவர் பெயரோடு கிடக்கிற தீர்ப்பு நகலை, தீர்ப்புகளைத் தேடிப் படிக்க உதவுகிற இந்தியன் கானூன் தளத்திலிருந்து எடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. இந்த இரண்டிலும் எழுதியது வேறு யாரோ. ஒருவருடைய நிம்மதி ஒரு பக்கம், பத்திரிகையின் உரிமை, நீதிமன்ற ஆவணம், ஊரார் தெரிந்துகொள்ளும் உரிமை எல்லாம் இன்னொரு பக்கம். அங்கே தராசு வேண்டும்தான்.

நான் பேசுவது அது இல்லை. எழுதியது நான், வார்த்தை என்னுடையது, எழுதச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை, இப்போது வேண்டாம் என்று சொல்வதும் நான்தான். இதில் தராசின் மறுபக்கத்தில் உட்கார அந்த நிறுவனத்துக்கு என்ன நியாயம் இருக்கிறது? பெரும்பாலான சமயங்களில் எதுவும் இல்லை என்பதுதான் என் கட்சி.

ஐரோப்பாவில் 2018 மே 25இல் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 17ஆம் பிரிவு இந்த உரிமையை நேராகவே தருகிறது. அழிக்கச் சொல்லிக் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும். என் மருமகளின் கதையோடு ஒட்டி வருகிற ஒரு பகுதி அதில் இருக்கிறது. சின்ன வயதில், ஆபத்து என்னவென்று முழுசாகத் தெரியாமல் சம்மதம் கொடுத்துவிட்டு, வளர்ந்த பிறகு அதை எடுக்க நினைக்கிறவர்களுக்கு இந்த உரிமை குறிப்பாக முக்கியம் என்று அதன் முகவுரையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. பொதுவில் போட்ட தகவலை அழிக்கச் சொன்னால், அதைப் பிரதி எடுத்து வைத்திருக்கிற மற்ற நிறுவனங்களுக்கும் இவர் அழிக்கக் கேட்கிறார் என்று தெரிவிக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும். கருத்துச் சுதந்திரம், சட்டக் கடமை, ஆவணக் காப்பகம் என்று விதிவிலக்குகளும் உண்டு.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் தாங்கள் போட்டதைத் தாங்களே நீக்கிக்கொள்ள ஒரு சட்டம் போட்டு, 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ரப்பர் சட்டம் என்று அங்கே செல்லமாகச் சொல்வார்கள். படித்துப் பார்த்தால் ஒரு வரி இடிக்கிறது: மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிட்டால் போதும், சர்வரில் ஏதோ ஒரு வடிவில் மிச்சம் இருந்தாலும் சட்டத்தை நிறைவேற்றியதாகவே அர்த்தம். 'நம்ம கண்ணுக்கு மட்டும் தெரியாம இருக்கா' என்று அவள் கேட்டாளே, அதற்கு 'ஆமாம், அது போதும்' என்று ஒரு சட்டமே சொல்கிறது.

இப்போது இந்தியா. 2017 ஆகஸ்ட் 24இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன புட்டசாமி வழக்கில், நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் தனியாக எழுதிய தீர்ப்பில் (அந்த வருடத் தொடக்கம் வரை நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர்) இந்த விஷயத்தை விரிவாகவே தொடுகிறார். மனிதர்கள் மறந்துவிடுகிறார்கள், இணையம் மறப்பதில்லை, நம்மையும் மறக்க விடுவதில்லை என்கிறார். சின்ன வயதில் செய்த தவறுகள் ஒருவரை வாழ்நாள் முழுக்கத் துரத்தக் கூடாது என்பது அவருடைய கவலை. படிக்கும்போது மனசுக்கு இதமாக இருந்தது.

அதிலிருந்து ஆறு வருடம் கழித்து, 2023இல், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 12ஆம் பிரிவு, சம்மதம் கொடுத்துத் தந்த தகவலைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. அடடா, கிடைத்துவிட்டதே என்று நினைத்தேன். அப்புறம்தான் 3ஆம் பிரிவைப் படித்தேன். ஒருவர் தன்னைப் பற்றிய தகவலைத் தானே பொதுவில் வைத்திருந்தால் அந்தத் தகவலுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. சந்தேகம் வரக் கூடாது என்று உதாரணமும் கொடுத்திருக்கிறார்கள்: ஒரு பெண் வலைப்பதிவில் தன் கருத்துகளை எழுதும்போது தன்னைப் பற்றிய விவரங்களைச் சமூக ஊடகத்தில் பொதுவில் வைக்கிறார், அங்கே இந்தச் சட்டம் செல்லாது.

இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். கணக்கு தொடங்கும்போது நீங்கள் கொடுத்த போன் நம்பரை அழிக்கக் கேட்கலாம். உங்களைப் பற்றி நீங்களே பொதுவில் எழுதியதை அழிக்கச் சொல்லி இந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. எந்த வார்த்தை நம்மைத் துரத்துமோ, எந்த வார்த்தைக்காக வேலை போகுமோ, சம்பந்தம் நின்றுபோகுமோ, அந்த வார்த்தைதான் வெளியே நிற்கிறது. பொதுவில் வைத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்ட பிறகும் அது 'பொதுவில் வைத்த' தகவல்தானா? அதற்குச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. நீதிமன்றத்துக்குப் போய்த்தான் தெளிவாக வேண்டும்.

அந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் எல்லாம் 18 மாதம் கழித்துத்தான், அதாவது 2027 மே வாக்கில்தான் அமலுக்கு வரும். இந்தியாவில் 2 கோடிப் பயனர்களுக்கு மேல் வைத்திருக்கிற சமூக ஊடகம், மூன்று வருடம் எட்டிப் பார்க்காத பயனரின் தகவலை, 48 மணி நேரம் முன்பே சொல்லிவிட்டு அழிக்க வேண்டும் என்று ஒரு விதி. நல்லதுதான். கூடவே இன்னொரு விதி, அரசு கேட்கக்கூடிய காரணங்களுக்காகத் தகவலையும் பதிவேடுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கிறது. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, நீங்கள் கணக்கை மூடிய பிறகும், அதைத் தொடங்கும்போது கொடுத்த விவரங்களை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஆக, நிறுவனம் மனசு வைத்தாலும் உடனே எல்லாவற்றையும் துடைத்துவிட முடியாத அளவுக்கு அரசே சிலவற்றைக் கட்டி வைத்திருக்கிறது. குற்றம் நடந்தால் விசாரிக்க வேண்டும் என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. புரியாதது, இந்த நாள் கணக்கை அழிக்கும்போது திரையில் ஏன் யாரும் சொல்வதில்லை என்பது. 'இது இத்தனை நாள் எங்களிடம் இருக்கும், இன்ன காரணத்துக்காக இருக்கும்' என்று இரண்டு வரி தமிழில் போட்டால் என்ன?

எதிர்த் தரப்பையும் சொல்ல வேண்டும், அதில் உண்மை இருக்கிறது. எல்லோருக்கும் அழிக்கும் உரிமை என்றால் அமைச்சருக்கும் உண்டுதானே? நேற்று ஒன்றைச் சொல்லிவிட்டு இன்று அழித்துவிட்டு நான் சொல்லவே இல்லை என்பார். இதற்காகவே 2010இல் நெதர்லாந்தில் பொலிட்வூப்ஸ் என்று ஒன்றைத் தொடங்கினார்கள், அரசியல்வாதிகள் அழிக்கிற ட்வீட்டுகளைச் சேமித்துக் காட்டுகிற தளம், பிறகு அமெரிக்கா உட்படப் பல நாடுகளுக்குப் போனது. 2015இல் ட்விட்டர் அதன் வாசலை அடைத்தது. அழிப்பதும் பயனரின் கருத்து வெளிப்பாடுதான், அதில் ஒருவருக்கு அதிகம் ஒருவருக்குக் குறைவு என்று கிடையாது என்பது ட்விட்டர் சொன்ன காரணம். எதிர்ப்பு வலுத்ததும் அந்த வருடக் கடைசியில் மறுபடி திறந்துவிட ஒத்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் கோட்டை இங்கே போடலாம்: மக்கள் கொடுத்த பதவியில் உட்கார்ந்து எழுதுகிறவருடைய வார்த்தை அலுவலகக் கோப்பு மாதிரி, அதை அவர் தனியாக அழிக்கக் கூடாது. 14 வயதுப் பெண் அப்பாவைத் திட்டியது எந்த ஊர்க் கோப்பிலும் இருக்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதால்தான் சின்னவர்களின் உரிமை அடிபடுகிறது.

உரையாடல் துண்டாகிவிடும் என்று இன்னொரு வாதம். நான் கேள்வி கேட்டு, நீங்கள் பதில் சொல்லி, நான் கேள்வியை அழித்துவிட்டால் உங்கள் பதில் அந்தரத்தில் நிற்கும். உண்மைதான். வாட்ஸ்அப் இதை ஓரளவு நேர்மையாகவே கையாள்கிறது. 2017இல் எல்லோருக்கும் அழிக்கும் வசதி வந்தபோது 7 நிமிடத்துக்குள் அழிக்க வேண்டியிருந்தது, 2022 முதல் இரண்டு நாளுக்கு மேலேயே அவகாசம் உண்டு. அழித்த இடத்தில் இங்கே ஒரு செய்தி இருந்தது என்ற தடம் மட்டும் நிற்கும். உள்ளடக்கம் போகிறது, இடம் இருக்கிறது. பொதுத் தளங்களிலும் இப்படிச் செய்தால் உரையாடலுக்கு மரியாதை கொடுத்த மாதிரியும் இருக்கும், எழுதியவருக்குக் கொடுத்த மாதிரியும் இருக்கும்.

இந்த இரண்டு மூன்று வருடத்தில் விஷயம் இன்னும் சிக்கலாகிவிட்டது. நம் பழைய பதிவுகளுக்குத் திடீரென்று விலை வந்திருக்கிறது, செயற்கை நுண்ணறிவைப் பழக்க அவைதான் தீனி. 2024 தொடக்கத்தில் ரெடிட் என்ற விவாதத் தளம் தன் பயனர்களின் எழுத்தைக் கூகுள் பயன்படுத்த ஒப்பந்தம் போட்டது, ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டாலர் என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. அதே வருடம் மே மாதம் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர்களின் கேள்வி-பதில் தளம் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயோடு சேர்ந்தபோது, வருடக்கணக்கில் இலவசமாகப் பதில் எழுதிய சிலர் கோபத்தில் தங்கள் பதில்களை அழிக்கவும் மாற்றவும் தொடங்கினார்கள். பதில்கள் பழையபடி திரும்ப வைக்கப்பட்டன, சிலருடைய கணக்குகள் முடக்கப்பட்டன. அங்கே எழுதும்போதே திரும்பப் பெற முடியாத உரிமத்தில்தான் எழுதுகிறோம் என்பதால் சட்டப்படி தளத்தின் பக்கம் நியாயம் இருக்கலாம். ஆனால் 'பதிவிடு' அமுக்கும்போது அந்த உரிமத்தை எத்தனை பேர் படித்திருப்பார்கள்? ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2025 மே மாதம் ஐரோப்பாவில் பெரியவர்களின் பொதுப் பதிவுகளை வைத்துப் பழக்கத் தொடங்கியபோது, வேண்டாம் என்று சொல்ல ஒரு படிவம் வைத்தது, அங்கே சட்டம் அப்படி. நம் சட்டத்தில் அந்த எதிர்ப்புரிமை இல்லை, பொதுப் பதிவோ சட்டத்துக்கே வெளியே.

பழக்கி முடித்த பிறகு பதிவை அழித்தால்? பதிவு போகும், அதிலிருந்து அந்தச் செயற்கை நுண்ணறிவு கற்றுக்கொண்டது போகாது. கரைத்த உப்பைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்கிற வேலை அது. முடியவே முடியாது என்று சொல்பவர்களுக்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. எவர் என்ற படச் சேமிப்புச் செயலி, கணக்கை மூடியவர்களின் படங்களை அழிப்பதாகச் சொல்லிவிட்டு அழிக்காமல் வைத்திருந்தது, பயனர்களின் படங்களை வைத்து முக அடையாளத் தொழில்நுட்பமும் செய்தது. 2021 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் படங்களை மட்டுமல்ல, அவற்றை வைத்து உருவாக்கிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகளையும் அழிக்க வேண்டும் என்று சொன்னது. ஏமாற்றி எடுத்த மாவில் சுட்ட தோசையும் உனக்கில்லை என்ற மாதிரி. அந்தத் துணிச்சல் நம் ஊர்த் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் வர வேண்டும் என்று மனப்பூர்வமாக ஆசைப்படுகிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். அவளிடம் மறைக்காமல் சொன்னேன்: இன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாது, கொஞ்ச நாளில் சர்வரிலிருந்தும் போக வேண்டும், போனதா என்று நம்மால் பார்க்க முடியாது. "ஸ்கிரீன்ஷாட் எடுத்தவங்க?" என்று கேட்டாள். ஒரு தோழி அன்றைக்கே எடுத்துக் குழுவில் போட்டது அவளுக்கு நினைவிருந்தது. அங்கே சட்டம் எதுவும் கைகொடுக்காது, நீதான் போன் பண்ணிக் கேட்க வேண்டும் என்றேன். பண்ணினாள். அந்தப் பெண் தன் போனில் தேடிப்பார்த்து அழித்துவிட்டு, குப்பைத் தொட்டி ஃபோல்டரிலிருந்தும் எடுத்துவிட்டேன் என்று திரும்பக் கூப்பிட்டுச் சொன்னாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள், அப்புறம் வேறு ஏதோ பேசினார்கள்.

பிறகு அந்த வருடத்தில் அவள் எழுதிய மற்றப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தேதிக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் உலக உருண்டை, எல்லாவற்றிலும். பொதுவில் வைத்தது என்று அர்த்தம். 14 வயதில் அந்த உருண்டை என்னவென்றே அவளுக்குத் தெரியாது, செயலி எப்படி வைத்திருந்ததோ அப்படியே விட்டிருக்கிறாள். சட்டம் அவளை உள்ளே விடுமா வெளியே நிறுத்துமா என்பது அந்த உருண்டையில் இருக்கிறது என்று சொன்னபோது நம்பாமல் என்னைப் பார்த்தாள். சிலவற்றை அழித்தாள், சிலவற்றுக்கு உருண்டையை எடுத்துவிட்டுப் பூட்டை வைத்தாள். பழைய பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றுகிற வசதி இருக்கிறது என்று காட்டினேன், வேண்டாம் மாமா, பார்த்துப் பார்த்தே பண்றேன் என்றாள்.

ஒரு படத்தில் நின்றுவிட்டாள். புதுச் சைக்கிளின் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு அவள் அப்பா குனிந்து நிற்கிறார், வேட்டி மடித்துக் கட்டியிருக்கிறது, சைக்கிள் மேல் இவள். அதை டவுன்லோட் செய்து அம்மாவுக்கு அனுப்பினாள். அதிலிருந்த உலக உருண்டையை மாற்றவில்லை.